வாக்குத்தத்த அட்டைக்கு அடுத்த வசனம்

கேள்வி:

எனக்கு வயது 44. தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் படிக்கும்போது ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் பொறுப்பில் இருக்கிறேன். இந்த வருஷப் புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்தம் 1 கொரிந்தியர் 15:57, ஜெயங்கொடுக்கிற தேவனைப் பற்றிய வசனம். அட்டையை பீரோக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் என் வாழ்க்கையில் ஜெயம் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

கணவரின் மளிகைக் கடை நஷ்டத்தில் ஓடுகிறது. விசுவாசம் பூரணமாக இருந்தால் இந்தக் கட்டு உடைந்துவிடும் என்கிறார் எங்கள் போதகர். எனக்குக் கோபமும் அடங்குவதில்லை. போன ஞாயிறு காலை சபையில் எழுந்து நின்று, ஜெயஜீவியம் செய்வதாகச் சாட்சி சொன்னேன். சாயங்காலம் அம்மாவுக்குப் போன் பேசி வைத்தேன். வெள்ளிக்கிழமை கொண்டுவந்த டிபன் பாக்ஸ் மகளின் பள்ளிப் பையிலேயே கிடப்பதைப் பார்த்ததும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறார். அப்பா இறந்த பிறகு, பட்டா மாற்றுவதற்கு என்று சொல்லி அண்ணன் என்னிடம் கையெழுத்து வாங்கினார். அது விடுதலைப் பத்திரம் என்று பின்னால்தான் தெரிந்தது. அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. மனத்தாங்கலோடு போகக் கூடாதென்று இராப்போஜனத்திலும் பங்கெடுப்பதில்லை. கடைக்குக் கடன் கொடுத்தவர்கள் வேறு நெருக்குகிறார்கள்.

விசுவாசம், அன்பு, கீழ்ப்படிதல் மூன்றும் சேர்ந்தால்தான் வெற்றியுள்ள கிறிஸ்தவ வாழ்க்கை என்று ஒரு செய்தியில் கேட்டேன். எனக்கு இந்த மூன்றில் விசுவாசம்தான் குறைவோ? 40 நாள் உபவாசம் எடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி, உபவாசக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். உபவாசத்துக்கு நான் எதிரி அல்ல. ஆனால் ஏசாயா 58-ஆம் அதிகாரத்தை ஒருமுறை முழுதாக வாசித்துப் பாருங்கள். நாங்கள் இத்தனை உபவாசம் இருந்தும் தேவன் கண்டுகொள்ளவில்லையே என்று ஜனங்கள் குறைப்படுகிறார்கள். தீர்க்கதரிசி அவர்களுடைய ஜெபத்தின் நீளத்தை அளக்கவில்லை. உபவாச நாளிலேயே அவர்கள் போடுகிற சண்டையையும், வேலையாட்களை நடத்துகிற விதத்தையும் எடுத்துப் பேசுகிறார். சாப்பிடாமல் இருப்பது சில நேரம் செய்ய வேண்டிய வேறொரு காரியத்தைத் தள்ளிப்போட நல்ல வழியாகிவிடும். சபையில் யாரும் அதைக் குறை சொல்லவும் மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் கடை இருக்கிறது, போதகர் இருக்கிறார், கோபம் இருக்கிறது. அண்ணன் நாலு வரியில் வந்து போகிறார். அடுத்த வரியில் மறுபடி கடைக்கடனுக்குத் தாவிவிட்டீர்கள். நான் அந்த நாலு வரியில்தான் நின்றேன்.

அதற்கு முன், இந்த 'ஜெயஜீவியம்' பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் கன்வென்ஷன் மேடைகளில் இந்தப் பேச்சு புழங்குவதற்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் வடமேற்கில், ஏரிகள் நிறைந்த பகுதியில், கெஸ்விக் என்று ஒரு சிற்றூர். 1875-இல் அங்கே ஒரு கூடாரம் போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். இரட்சிக்கப்பட்ட பிறகும் பாவத்தில் விழுந்து எழுந்து தோற்றுக்கொண்டேயிருக்க வேண்டியதில்லை, முற்றுமாக ஒப்புக்கொடுத்தால் கிறிஸ்து நமக்குள் ஜெயிப்பார் என்பது அங்கே கொடுத்த போதனையின் சாரம். ஆண்டுதோறும் நடந்த அந்தக் கூட்டங்களிலிருந்து மிஷனெரிகள் உலகமெங்கும் போனார்கள். உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரும் அவர்களில் உண்டு. கெஸ்விக் கன்வென்ஷன் தன் ஆதரவில் அனுப்பிய முதல் மிஷனெரி ஏமி கார்மைக்கேல்தான். 1895-இல் இந்தியா வந்து, 1901 முதல் டோனாவூரில் தங்கினார். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட, அல்லது அந்த ஆபத்தில் இருந்த சிறு பெண் குழந்தைகளுக்குத் தாயாக இருந்தார்.

இந்தப் போதனை நல்ல கனியும் கொடுத்தது, சிலரை வதைக்கவும் செய்தது. ஜே. ஐ. பேக்கர் பின்னாளில் பெரிய இறையியலாளராக அறியப்பட்டவர். 1944-இல் ஆக்ஸ்போர்டு மாணவராக இருந்தபோது மனந்திரும்பினார். முற்றுமாக ஒப்புக்கொடு, ஜெயம் தானாக வரும் என்று அவருக்கும் போதிக்கப்பட்டது. ஒப்புக்கொடுத்தார், வரவில்லை. அப்படியானால் நான் இன்னும் எதையோ ஒளித்து வைத்திருக்கிறேன் போலும் என்று தன்னையே தோண்டித் தோண்டி, கிட்டத்தட்ட நம்பிக்கை இழக்கும் நிலைக்குப் போய்விட்டார். அவரைத் தூக்கிவிட்டது 17-ஆம் நூற்றாண்டுப் பியூரிட்டன் போதகர் ஜான் ஓவனின் எழுத்து. விசுவாசிக்குள்ளும் பாவம் தங்கியிருக்கிறது, ஆவியானவரின் பலத்தால் அதோடு நாள்தோறும் போராட வேண்டும், அந்தப் போராட்டமே நீ உயிரோடிருப்பதன் அடையாளம் என்று ஓவன் எழுதியிருந்தார். பேக்கர் பிற்பாடு கெஸ்விக் போதனையைக் கடுமையாக விமர்சித்தது இந்த அனுபவத்திலிருந்துதான்.

உங்களுக்கு நடப்பதும் அதேதான். கடை நஷ்டம், ஆகவே விசுவாசக் குறைவு. கோபம், ஆகவே விசுவாசக் குறைவு. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியை நீட்டுகிறார்கள். உங்கள் போதகரைப் பற்றித் தரக்குறைவாகப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் அவர் சொன்னது எபிரெயர் 11-க்கு முன் நிற்காது. அந்த அதிகாரத்தின் 33-ஆம் வசனத்திலிருந்து, விசுவாசத்தினாலே ராஜ்யங்களை ஜெயித்தவர்கள், சிங்கங்களின் வாய்களை அடைத்தவர்கள் வருகிறார்கள். 35-ஆம் வசனத்தின் நடுவில் காட்சி மாறுகிறது. வேறு சிலர் வாதிக்கப்பட்டார்கள், கல்லெறியுண்டார்கள், வாளால் அறுப்புண்டார்கள். இவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று அங்கே எழுதியிருக்கிறதா? இரண்டு கூட்டத்துக்கும் விசுவாசத்தினாலேதான் நற்சாட்சி. பல மேடைகளில் செய்தி 35-இன் முதல் பாதியோடு முடிந்துவிடுகிறது.

கடை ஏன் நஷ்டத்தில் ஓடுகிறது என்பதற்கு குறைந்த வாடிக்கை, கடன் நோட்டு, பக்கத்தில் வந்த பெரிய கடை என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். கணவரோடு உட்கார்ந்து கணக்கைப் பாருங்கள். அதைப் பாவக் கணக்கோடு சேர்க்காதீர்கள்.

இப்போது அட்டைக்கு வருவோம். 1 கொரிந்தியர் 15 முழுதும் உயிர்த்தெழுதலைப் பற்றிய அதிகாரம். 57-இல் பவுல் சொல்கிற ஜெயம் மரணத்தின் மேலும் பாவத்தின் மேலும் கிறிஸ்து பெற்ற ஜெயம். கடன், வழக்கு, வியாபாரம் எதுவும் அந்தப் பத்தியில் இல்லை. ஜெயம் ஏற்கெனவே பெறப்பட்டாயிற்று, நமக்குக் கொடுக்கப்பட்டாயிற்று என்பதற்காகத்தான் அங்கே ஸ்தோத்திரம். அட்டை அச்சடிக்கிறவர்கள் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 58-ஆம் வசனம் 'ஆகையால்' என்று தொடங்குகிறது. உறுதியாயிருங்கள், அசையாதிருங்கள், கர்த்தருடைய வேலையில் பெருகுங்கள், உங்கள் பிரயாசம் வீண்போகாது என்பது அதன் கருத்து. ஜெயங்கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம் சொன்ன கையோடு, எழுந்து வேலையைப் பார் என்கிறார் பவுல்.

ஜெயங்கொள்ளுகிறவனைப் பற்றி வேதத்தில் திரும்பத் திரும்பப் பேசுகிற இடம் வெளிப்படுத்தின விசேஷம் 2, 3 அதிகாரங்கள். ஏழு சபைகள், ஏழுக்கும் ஜெயங்கொள்ளுகிறவனுக்கு ஒரு வாக்குத்தத்தம். அந்தச் சபைகளின் நிலையைப் பாருங்கள். சிமிர்னா சபை தரித்திரச் சபை. இனிமேல்தான் சிறைக்கும் போகப்போகிறது. ஆண்டவர் அதன் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. பிலதெல்பியாவுக்குக் கொஞ்ச பலன்தான் உண்டு, அதையும் அவர் குறையாகச் சொல்லவில்லை. லவோதிக்கேயா பணக்கார ஊர். கி.பி. 60-இல் வந்த பூமியதிர்ச்சியில் விழுந்தபோது ரோமப் பேரரசின் உதவி இல்லாமல் சொந்தப் பணத்திலேயே ஊரைக் கட்டிக்கொண்டார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். எனக்கு ஒரு குறைவுமில்லை என்று சொல்லிக்கொண்ட அந்தச் சபைக்குத்தான் மிகக் கடுமையான கடிதம். கடை லாபத்தில் ஓடுவதை வைத்து ஜெயத்தை அளந்தால், லவோதிக்கேயாவுக்கு முதல் பரிசு கொடுக்க வேண்டியிருக்கும்!

எபேசு சபைக்கு எழுதியதைத்தான் நீங்கள் இரண்டு முறை வாசிக்க வேண்டும். அவர்களுக்கு உழைப்பு இருந்தது, பொறுமை இருந்தது, கள்ள அப்போஸ்தலரைக் கண்டுபிடிக்கிற உபதேசத் தெளிவு இருந்தது. ஓய்வுநாள் பள்ளியும் பெண்கள் சங்கமும் அன்றைக்கு இருந்திருந்தால் அவற்றையும் ஒழுங்காக நடத்தியிருப்பார்கள். அவர்கள் ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டுவிட்டார்கள் என்பது ஒன்றுதான் குறை. அதற்கு ஆண்டவர் சொன்ன மருந்து, மனந்திரும்பி, ஆதியில் செய்த கிரியைகளைச் செய் என்பது. ஆதியில் இருந்த உணர்ச்சியை வரவழைத்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை.

விசுவாசம், அன்பு, கீழ்ப்படிதல் மூன்றில் எது குறைவு என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று பாடத்துக்குத் தனித்தனியாக மார்க் போட்டு, ஒன்றில் ஃபெயில் என்று பார்க்கிற கேள்வி இது. யோவான் தம் முதல் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில், முதல் ஐந்து வசனங்களுக்குள் இந்த மூன்றையும் பிரிக்க முடியாதபடி பின்னிவிடுகிறார். இயேசுவே கிறிஸ்து என்று விசுவாசிக்கிறவன் தேவனால் பிறந்தவன். தேவனால் பிறந்தவன் தேவனுடைய மற்றப் பிள்ளைகளையும் நேசிக்கிறான். அந்த நேசம் கற்பனைகளைக் கைக்கொள்வதில் வெளிப்படுகிறது, அந்தக் கற்பனைகள் பாரமானவையும் அல்ல. இந்தத் தொடரின் கடைசியில்தான் உலகத்தை ஜெயிக்கிற விசுவாசம் வருகிறது. அந்த விசுவாசமும், நான் கேட்டது நடக்கும் என்கிற மன உறுதி அல்ல. இயேசு தேவனுடைய குமாரன் என்று நம்பி, அவர் சொன்னால் போதும் என்று ஒரு காலை எடுத்து வைப்பது. கலாத்தியர் 5:6-இல் பவுல் சொல்வதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. அன்பினால் வேலைசெய்கிற விசுவாசத்துக்குத்தான் அவரிடம் மதிப்பு.

ஆகவே உங்களுக்கு ஜெயம் தேவைப்படுகிற இடம் நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த, இன்னும் செய்யாத ஒரு காரியத்தில் இருக்கிறது. நான் வெளிப்பாடு பெற்றுச் சொல்லவில்லை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்குப் போன் பேசி வைத்தீர்கள், பிறகு மகளிடம் கத்தினீர்கள். அம்மா இருப்பது அண்ணன் வீட்டில். அந்தப் போனில் அண்ணன் குரல் பின்னால் கேட்டிருக்கும். அவர் பிள்ளைகள் பேசியிருப்பார்கள். உங்களுக்கும் பங்குள்ள வீட்டின் கதவு சாத்துகிற சத்தம்கூடக் கேட்டிருக்கலாம். டிபன் பாக்ஸ் இரண்டு நாள் பையில் நாறியது உண்மைதான். ஆனால் அந்தத் திட்டில் முக்கால் பங்கு வேறு ஒருவருக்கு உரியது. அடுத்த ஞாயிறு கவனித்துப் பாருங்கள்.

மன்னித்துவிடுங்கள் என்று ஒரே சொல்லில் நான் முடித்துவிடப் போவதில்லை. நம் சபைகளில் பெண்களிடம் இந்தச் சொல் பெரும்பாலும் வாயை மூடிக்கொள் என்ற அர்த்தத்தில்தான் போய்ச் சேருகிறது. உங்களுக்கு நடந்தது அநியாயம். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன்படி, கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. அதில் மகன், மகள் என்ற வித்தியாசம் இல்லை. உங்களுக்கு உரியதை ஒருவர் பொய் சொல்லி எழுதி வாங்கியிருக்கிறார். அது பொய் என்று சொல்வது அன்புக்கு விரோதமல்ல. நடந்தது ஒன்றுமில்லை என்று நடிப்பதற்கு மன்னிப்பு என்று பெயரும் இல்லை. தவறு நடந்திருந்தால்தானே மன்னிக்க ஏதாவது இருக்கும்?

யோசேப்பைப் பாருங்கள். எகிப்தில் சகோதரர்கள் வந்து நின்றவுடன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. விசாரித்தார், சோதித்தார், தனி அறைக்குப் போய் அழுதார், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பாடு பரிமாறச் சொன்னார். பென்யமீனுக்காக யூதா தன்னையே அடிமையாகக் கொடுக்க முன்வந்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினார். பழிவாங்கும் எண்ணத்தை விடுவதற்கும் மறுபடி நம்புவதற்கும் நடுவில் இத்தனை அதிகாரம் தேவைப்பட்டிருக்கிறது. உங்களுக்கும் அவகாசம் உண்டு.

நம் காலத்திலும் பார்த்தோம். 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெயின்ஸையும், பிலிப், தீமோத்தேயு என்ற இரு சிறு மகன்களையும் வண்டிக்குள் தூங்கும்போது எரித்தார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ் மன்னிப்பதாகச் சொன்னார். அது செய்தியாக எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டு விஷயங்கள் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. கொலை வழக்கு அதன் போக்கில் நீதிமன்றத்தில் நடந்தது, தண்டனையும் கிடைத்தது. மன்னிப்பும் சட்டமும் அங்கே ஒன்றையொன்று தடுக்கவில்லை. இன்னொன்று, அவர் உடனே ஊருக்குக் கிளம்பிவிடாமல் பாரிபதாவில் தங்கி, கணவர் பார்த்துவந்த தொழுநோயாளர் இல்லத்தை நடத்தினார். 2005-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மன்னிப்புக்குப் பிறகு அவர் என்ன உணர்ந்தார் என்பது எனக்குத் தெரியாது. காலையில் எழுந்து நோயாளிகளின் புண்ணைக் கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது.

உணர்ச்சி வந்த பிறகு கீழ்ப்படியலாம் என்று காத்திருக்காதீர்கள். லூக்கா 5-இல் பேதுரு ராமுழுதும் வலை வீசிக் களைத்துப் போயிருக்கிறார். மீன் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அவர் பேச்சில் கொஞ்சமும் தெரியவில்லை, கிட்டத்தட்ட முணுமுணுப்புதான். ஆனாலும் உம்முடைய வார்த்தைக்காகப் போடுகிறேன் என்று வலையை எடுத்தார். விசுவாசம் என்று ஆண்டவர் ஏற்றுக்கொண்டது அந்த அளவைத்தான். ஒரு போன், அண்ணன் பெயருக்கு. அது உங்கள் வலை.

சாட்சி விஷயம். இனி ஜெயம் பெற்றேன் என்று மைக்கில் சொல்வதைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்தி வையுங்கள். அதனால் ஆண்டவருடைய நாமத்துக்கு ஒரு குறைவும் வராது. காலையில் சொன்ன சாட்சியை சாயங்காலம் காப்பாற்ற வேண்டிய பாரமே உங்கள் கோபத்துக்குப் பாதி எண்ணெய். யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது, சபை முழுக்க ஒலிபெருக்கியில் அல்ல. வாயைக் காக்கத் தெரிந்த மூத்த சகோதரி ஒருவரைத் தேடுங்கள். ஒவ்வொரு சபையிலும் அப்படி ஒருவராவது இருப்பார், பெரும்பாலும் எந்தப் பொறுப்பிலும் இல்லாதவராக. மகளிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். டிபன் பாக்ஸுக்காகக் கத்தியது சரி, ஆனால் அவ்வளவு கத்தியது அவளுக்காக அல்ல என்று அந்த வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும்.

ஏமி கார்மைக்கேலைப் பற்றி விட்ட இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 1931-இல் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர் குழியில் விழுந்து அடிபட்டார். 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் ஓர் அறையிலும் கட்டிலிலும்தான் வாழ்க்கை. சுகமாக்கும் விசுவாசம் அவருக்குப் போதவில்லை என்று யாரும் டோனாவூரில் சொன்னதாக நான் கேட்டதில்லை. படுத்தபடியே புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகள் வந்து பேசினால் கேட்டார். கெஸ்விக் மேடையில் சொன்ன ஜெயம் கடைசியில் இப்படித்தான் இருந்தது.

இராப்போஜனத்துக்குப் போங்கள். மத்தேயு 5-இல் ஆண்டவர் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு சகோதரனிடம் போ என்றது, போய் ஒப்புரவாகித் திரும்பி வந்து காணிக்கையைச் செலுத்துவதற்காக. வருஷக்கணக்கில் பீடத்துக்கே வராமல் இருப்பதற்காக அல்ல. அண்ணன் பேச மறுத்தால்? ரோமர் 12:18 கூடுமானால், உங்களாலானமட்டும் என்று இரண்டு எல்லை போட்டிருக்கிறது. உங்களாலானது போனை எடுப்பது. அவர் எடுக்காமல் போனால் அது உங்கள் தோல்வி அல்ல, மேசையில் உங்கள் இடமும் பறிபோகாது.

அந்தப் போனைப் பற்றி இரண்டு புத்திமதி. கணவரையோ போதகரையோ முன்னால் தள்ளாதீர்கள், நீங்களே பேசுங்கள். முதல் பேச்சில் பத்திரத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் எப்படி, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று கேட்டுவிட்டு, அண்ணே நான் ஒருநாள் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி வையுங்கள். பத்திரத்துக்கு வேறொரு நாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அதன் நகலுக்கு மனுப் போட்டு வாங்கி, உங்கள் குடும்பத்தோடு சம்பந்தமில்லாத ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இம்மாதிரி வழக்குகளுக்குக் காலக்கெடு உண்டு, அதனால் அதை ரொம்பவும் தள்ளிப்போட வேண்டாம்.